தளும்பாத குவளை

மன உளைச்சலைச் சட்டம் போட்டு ஒழித்த முதல் நாடு என்ற பெருமை மந்தார நாட்டுக்கே உரியது. அதற்கு முன்பெல்லாம் பள்ளி ஆய்வர் வருகிறார் என்றால் தலைமையாசிரியர்கள் அரிசிப் பீப்பாய்க்குள் ஒளிந்துகொள்வது வழக்கம். அப்படி ஒளிந்த ஒருவரை வெளியே எடுக்கப் பீப்பாயை அறுக்க வேண்டியதாயிற்று. மன்னர் மனம் இளகினார்.

ஆய்வர்கள் இனிப் புன்னகைக்க வேண்டும் என்று முதல் ஆணை பிறந்தது. ஆய்வர் சிரித்துப் பார்த்திராத ஆசிரியர்கள் மறுபடி பீப்பாயைத் தேடினார்கள். திடீர் வருகைதான் அச்சம் தருகிறது என்று, அடுத்த ஆணையில் ஓராண்டு முன்பே நாள் குறித்துச் சொன்னார்கள். ஒருநாள் பயம் ஓராண்டுப் பயமாயிற்று.

கல்வி அமைச்சர் பொன்னம்பலவாணர் அவையில் எழுந்தார்.

"உளைச்சலை அளக்காமல் எப்படிக் குறைப்பது? விளிம்புவரை நீர் நிரம்பிய குவளையுடன் தலைமையாசிரியர் வாசலிலிருந்து தம் அறைவரை நடக்கட்டும். சிந்தினால் உளைச்சல். உளைச்சலுள்ள பள்ளி எதற்கு? அன்போடு மூடிவிடுவோம்."

அவை கைதட்டியது.

மலையடியில் கொட்டக்கரை என்ற ஊருக்கு ஒரே பள்ளி. அதை மூடினால் பிள்ளைகள் ஆற்றைக் கடந்து போய்ப் படிக்க வேண்டும். ஆற்றுக்குப் பாலம் கிடையாது. ஆகவே தலைமையாசிரியை மரகதவல்லி பாடத்தை நிறுத்திவிட்டுக் குவளையைத் தூக்கினார்.

"சிந்துது டீச்சர்," என்றார் உதவி ஆசிரியர் இருதயராஜ்.

"எனக்கும் கண்ணு இருக்கு. பொடிசுங்க குறுக்க ஓடி இடிச்சா நான் என்ன பண்றது?"

"ரெண்டு அதட்டு போடலாம். அதையும் உளைச்சல்னு எழுதிட்டா?"

"பேசாம துடைங்க சார்."

மாதக்கணக்கில் நடந்தார், மாதக்கணக்கில் இருதயராஜ் துடைத்தார். ஆய்வு நாளும் வந்தது. ஆய்வர் குலவேந்தர் புன்னகையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மரகதவல்லி குவளையுடன் நடந்தார். கண் குவளையிலேயே இருந்தது. ஆய்வரின் கண்ணும் அதிலேயே இருந்தது. ஒரு சொட்டு விழவில்லை.

"என் பணிக்காலத்தில் இவ்வளவு அமைதியான பள்ளியைக் கண்டதில்லை அம்மா. எப்படிச் சாதித்தீர்கள்?"

"பெருசா ஒண்ணும் இல்லைங்க ஐயா. சின்ன ஏற்பாடுதான்."

ஆய்வர் ஏற்பாட்டைக் கேட்கவில்லை. மிகச் சிறப்பு என்று எழுதினார். பள்ளி தப்பியது. கொட்டக்கரை முறையை நாட்டின் எல்லாப் பள்ளிகளும் ஆண்டு முழுவதும் கடைப்பிடிக்க வேண்டும் என்று மன்னர் ஆணையிட்டார்.

ஆய்வு நாளன்று பிள்ளைகளுக்கு விடுமுறை விடப்பட்டிருந்தது.