சுவரேறும் திரவங்கள் பற்றிய சுற்றறிக்கை

உலக விஞ்ஞானத்துக்கு மட்டக்களப்பு வாவி செய்த தொண்டை உலகம் இன்னும் உணரவில்லை. உணரும்போது குருக்கள்மடம் துறையில் கனகசிங்கத்துக்குச் சிலை வைக்கும். அதற்கு இடம்கூடப் பார்த்தாயிற்று என்று கேள்வி. பார்த்தவரும் அவர்தானாம்.

தொண்ணூற்றாறில், சண்டைக் காலத்தில், இராணுவம் நின்ற கிழக்கே எழுவான்கரையிலிருந்து இயக்கம் நின்ற மேற்கே படுவான்கரைக்கு வாவியைக் கடக்கும் எந்தப் பொருளுக்கும், இரு பக்கமும் போய்வரும் எந்த ஆளுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். பற்றரிக்கு வேண்டும், யூரியாவுக்கு வேண்டும், சவர்க்காரம் மூன்று கட்டிக்கு மேல் என்றால் அதற்கும் வேண்டும். சீட்டைக் கொடுக்கும், அதாவது கொடுக்காமலிருக்கும், கிளைக் கந்தோரின் ஒரே உத்தியோகத்தர் கனகசிங்கம்.

ஒரு நாள் அவர் பழைய விஞ்ஞான சஞ்சிகை ஒன்றைப் படித்தார். ஈலியம் என்ற வாயுவைப் பூச்சியத்துக்குக் கீழே இருநூற்றெழுபத்தொரு பாகைக்கும் அப்பால் குளிரவைத்தால் அது 'மீப்பாய்மம்' ஆகிவிடுமாம். பாத்திரத்தின் உட்சுவரில் தானாக ஏறி, வெளிச்சுவரில் இறங்கிப் போய்விடுமாம். வேறெந்தத் திரவமும் நுழையாத துளைக்குள்ளும் நுழையுமாம். ஒருமுறை சுழலவிட்டால் நிற்காமல் சுழலுமாம். உராய்வு என்ற பேச்சே இல்லை.

மற்றவர்கள் வியந்திருப்பார்கள். கனகசிங்கத்துக்கு வியர்த்தது. சீட்டுக் கேளாமல் போகக்கூடிய ஒரு பொருள் இந்த உலகத்தில் இருக்கிறது.

மேலிடத்துக்கு அறிக்கை பறந்தது. மேலிடம் மூன்று கூட்டம் கூடியது. முதற் கூட்டத்தில் ஈலியம் ஆளா, பொருளா என்று ஆராயப்பட்டது. இரண்டாவதில் பொருள்தான் என்று 'ஏகமனதாக' முடிவாயிற்று. மூன்றாவதில் தேநீர் மட்டும். பிறகு கனகசிங்கம் கைப்பட எழுதிய சுற்றறிக்கை கந்தோர்ச் சுவரில் ஏறியது: 'குளிரூட்டப்பட்ட திரவம் எதுவாயினும், பொறுப்பு வாய்ந்த உத்தியோகத்தரின் நேரடிப் பார்வையில் மூன்று மணித்தியாலம் இருந்து, சுவரேறும் இயல்பற்றது என உறுதியான பின்னரே சீட்டு வழங்கப்படும்.'

முதலில் அகப்பட்டவர் காத்தான்குடி ஐஸ்பழக்காரர் பக்கீர். அவருடைய சரக்கு சுவரேறவில்லை. மேசையால் இறங்கிக் கோப்புகளுக்குள் போனது.

"ஏறல்ல ஐயா, இறங்கிட்டு," என்றார் பக்கீர். கனகசிங்கம் அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த கிழமை, காலை ஒன்பது மணிக்கு, ஊரார் 'மிஸ்ஸி' என்றழைக்கும் மருத்துவமாது சீதேவிப்பிள்ளை வந்தார். தோளில் குளிர்ப்பெட்டி.

"என்ன மிஸ்ஸி உள்ளுக்கு?"

"போலியோச் சொட்டு மருந்து. அக்கரைப் பள்ளிக்கூடத்தில நாப்பத்திரண்டு புள்ளையள் காலமயிருந்து வாயத் திறந்துக்கிட்டு இரிக்குதுகள்."

"குளிர்தானே?"

"நாலு பாகை. சூடேறினா மருந்து வெறும் தண்ணி."

கனகசிங்கத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப மேசையில வைங்க. மூணு மணித்தியாலம்."

"ஐயா, இதுக்குள்ள இரிக்கிற ஐஸ் ரெண்டு மணித்தியாலத்துக்குத்தான் காணும்."

"கரைஞ்சா இன்னும் நல்லம். சூடான திரவத்துக்குச் சுற்றறிக்கையே இல்ல."

"உங்கட ஈலியம் பூச்சியத்துக்குக் கீழ இருநூத்துச் சொச்சம். இது மேல நாலு."

"ரெண்டும் குளிர்தானே மிஸ்ஸி. வித்தியாசம் பார்க்க எனக்கு அதிகாரமில்ல."

மிஸ்ஸி சுவரிலிருந்ததை இரண்டு தரம் வாசித்தார். "இதில 'பார்வையில' எண்டுதான் இரிக்கு. 'மேசையில' எண்டு எங்க இரிக்கு?"

கனகசிங்கம் தேடினார். இல்லை. தான் எழுதிய எழுத்துக்கு எதிராக நடக்கும் வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"அப்ப வாங்க ஐயா. போற வழியில பாருங்க."

இப்படியாக, மடியில் பெட்டி, கையில் குறிப்புப் புத்தகம், சட்டைப் பையில் முத்திரை சகிதம் கனகசிங்கம் வாவியைக் கடந்தார். துறையில் நின்ற சிப்பாய்க்கு முத்திரையைத் தெரியும், சீட்டுக் கேளாமலே விட்டான். நடுவாவியில் அவர் மூடியைத் தொட்டார்.

"திறக்காதீங்க," என்றார் மிஸ்ஸி. "ஏறுற சாமானெண்டா தானா வெளிய வரும்தானே."

நியாயமாகப் பட்டது. '9.40: ஏறவில்லை. 9.41: ஏறவில்லை' என்று எழுதிக்கொண்டே போனார். பள்ளிக்கூடத்தில், 10.25 தொடங்கி, 'தொண்டையில் இறங்குகிறது' என்று நாற்பத்திரண்டு தரம் எழுதினார். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, வெறும் பெட்டிக்கு அனுமதி வழங்கி முத்திரை குத்தினார்.

திரும்பும்போது ஓடக்காரர் கையை நீட்டினார். "சீட்டு?"

மிஸ்ஸியிடம் மாதச் சீட்டு இருந்தது. கனகசிங்கத்திடம் இல்லை.

"சீட்டில்லாம ஏத்தினா அங்கால ஆமிக்காரனுகள் என்னைச் சுடுவானுகள் ஐயா."

"நான் போய் உங்கட கந்தோரில சொல்லுறன்," என்றார் மிஸ்ஸி.

"கந்தோரில நான்தானே இரிக்கன்," என்றார் கனகசிங்கம்.

தனக்குத் தானே சீட்டு எழுதலாமா என்று யோசித்தார். கந்தோருக்கு வெளியே எழுதும் சீட்டுச் செல்லாது என்று விதி இருந்தது. எழுதியவர் கெட்டிக்காரர். மிஸ்ஸியோடு ஓடம் போய்விட்டது.

துறையோர மருத மரத்தடியில் சீட்டுக் கிடைக்காத பத்துப் பன்னிரண்டு பேர் குந்தியிருந்தார்கள். அவர்களில் வேளாண்மைக்காரர் கந்தப்போடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அந்தக் கனகசிங்கம்?"

"ஓம்."

"நல்ல வடிவான கையெழுத்து ஐயா. என்ட யூரியா மனுவில ஆறு வருசமாப் பார்க்கன். 'பரிசீலனையில் உள்ளது.'"

கனகசிங்கம் நிழலைத் தேடினார். கந்தப்போடி மரியாதையாக நகர்ந்து கொடுத்தார்.

"இரிங்க ஐயா. வயல் வட்டையெல்லாம் விதைக்காமத்தான் கிடக்கு. இரிக்க இடத்துக்கு இஞ்ச பஞ்சமில்ல."