பின்னணி இசைச் சாத்திரியார்

வெற்றிலையில் மை தடவித் தொலைந்த மாட்டைக் கண்டுபிடிப்பவரை உங்களுக்குத் தெரியும். உள்ளங்கையைப் பார்த்து உங்கள் மாமியாரின் குணத்தைச் சொல்பவரையும் தெரியும். தியேட்டரில் உங்கள் பின்வரிசையில் இருந்துகொண்டு, திரையில் ஒரு மனிதன் பல் மட்டுமே விளக்கிக்கொண்டிருக்கும்போது, "இப்ப பாருங்க, பின்னால ஒருத்தன் வருவான்" என்று பலன் சொல்பவரை? அவர்தான் பின்னணி இசைச் சாத்திரியார். சாதாரணச் சாத்திரிக்குப் பிறந்த நேரம் வேண்டும், கட்டம் வேண்டும், காணிக்கை வேண்டும். இவருக்கு ஒரு வயலின் போதும்.

இந்த இனம் எல்லாத் தேசத்திலும் உண்டு. நான் பிழைக்கப்போன குளிர்நாட்டில் அது மனைவியின் காதுக்குள் மட்டும் பலன் சொல்கிறது. மனைவி முறைத்தால் மன்னிப்பும் கேட்கிறது. மட்டக்களப்பு வாவிக்கரையில் விளைவது உயர் ரகம். அது முழு மண்டபத்துக்கும் பொதுப்பலன் சொல்லும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கூத்தில் அரசன் வர ஒரு தாளம், மந்திரி வர ஒரு தாளம். கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் கை வைத்த உடனேயே, வருவது யார் என்று களரியின் கடைசியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பவருக்கும் விளங்கிவிடும். அரசனுக்கு அடித்துவிட்டு மந்திரியை அனுப்பிய அண்ணாவியார் இன்னும் பிறக்கவில்லை. கூத்தை விடுங்கள். காலையில் ஒழுங்கைக்குள் அந்த ஒரே மெட்டு கேட்டால், பேக்கரி ரொட்டியான பாண் விற்கும் ஆட்டோ வருகிறது. மெட்டுக் கேட்டு வாசலுக்கு ஓடியவர் எவராவது பாணுக்குப் பதிலாகப் போலீசைக் கண்டதுண்டா? இப்படி வளர்ந்த ஒருவர், இசை வந்தால் அதற்குரிய ஆள் வந்தே தீரும் என்று நம்பினால் அது யார் குற்றம்?

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியைப் பார்க்க விரும்புவோர் அமிர்தகழிக்குப் போகலாம். பெயர் நல்லரத்தினம். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காதுக்கு மட்டும் ஓய்வில்லை. ஊருக்கெல்லாம் மாமா, ஆகவே எனக்கும். கிணற்றடியில் குளித்துக்கொண்டே, வீட்டுக்குள் ஓடும் தொலைக்காட்சித் தொடரில் யார் நுழைகிறார், நஞ்சு எந்தக் கோப்பையில் என்று சத்தம்போட்டுச் சொல்வார். அவர் மனைவி கண்ணகை மாமி இப்போது தொடர்களைச் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார். உதட்டசைவிலேயே கதை பிடிக்கப் பழகிவிட்டார். ஊமைகளின் குடும்பச் சண்டைபோல இருக்குமாம். ஆனால் நிம்மதியாம்.

படம் பார்க்கும்போது, இசை எழும்பினால், திரையில் நிற்பது யாரென்று ஒரு கணம் பார்த்துவிட்டு மாமா கண்ணை மூடிக்கொள்வார். வலக்கைச் சுட்டுவிரல் மெல்ல எழும்பும். வயலினின் பெரியண்ணனான செல்லோ அடித்தொண்டையால் முனகினால், "ஆள் சரியில்ல." புல்லாங்குழல் வந்தால், "தங்கமான மனிசன்." பறை அதிர்ந்தால், "ஓடப்போறான்." பலித்துவிட்டால், படத்தை எடுத்ததே தான்தான் என்பதுபோல இரு பக்கமும் ஒருமுறை பார்ப்பார். பலிக்காவிட்டால் எடுத்தவனுக்குப் படம் எடுக்கத் தெரியாது. எல்லாவற்றுக்கும், எங்கள் பக்கத்து விளியான 'கா' போட்டு, முத்திரை வாக்கியம் ஒன்று உண்டு: "மியூசிக் பொய் சொல்லாது கா."

இந்தப் பெருமகனுக்கு ஒரு மருமகள். தங்கையின் மகள், கஜானி. ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து எடுத்த 'மூன்றாவது தாழ்ப்பாள்' என்ற படத்துக்கு இசை அவள்தான். ஓர் ஆசிரியையைக் கடத்தி, வாவியோரத்தில் ஒரு பாழடைந்த விடுதியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டியவன் முகம் காட்டுவதில்லை. கதவுக்கு அப்பாலிருந்து பேசுகிறான். வெளியே அவளைத் தேடி அலைகிறவர்களில் ஒருவன்தான் அவன். யார் அது என்பதுதான் முழுப் படமும். அது முன்கூட்டித் தெரிந்துவிட்டால் மிச்சம் ஒரு கதவும் ஒரு பூட்டும்தான்.

நகருக்குள் சிறிய தியேட்டர் ஒன்றை நடத்தும் காத்தான்குடி அப்துல் கபூர், ஒரு காட்சி போட்டுப் பார்க்கலாம் என்று சம்மதித்திருந்தார். சனங்களோடு இருந்து தானும் பார்ப்பார். பிடித்தால் ஓடவிடுவார். பிடிக்காவிட்டால், அந்தப் பிள்ளைகளின் இரண்டு வருட உழைப்பு தொலைபேசிக்குள் போய், யாரோ பஸ்ஸில் தூங்கிக்கொண்டே பார்க்கிற படமாக முடியும். கஜானி மாமாவிடம் நேரே போய், "நீங்க மறுகா ஒரு நாளைக்கு வாங்க மாமா, முதல் காட்சிக்கு வேணாம்" என்று கெஞ்சினாள்.

"ஏன் புள்ள, என்ட மருமகள்ட மியூசிக்க நான் கேக்காம ஆர் கேக்கிற?"

காட்சியன்று மாமா அரை மணி நேரம் முந்தியே வந்து நடுவரிசையில் நடு ஆசனத்தைப் பிடித்துவிட்டார். கண்ணகை மாமியும், விடுமுறைக்கு வந்திருந்த நானும் இரண்டு பக்கமும். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் வெளியேறும் வழியை முதலில் பார்த்து வைக்கிற வியாதி எனக்கு உண்டு. ஒரே ஒரு கதவு. அதில்தான் அப்துல் கபூர் வந்தார். காலில் கறுப்புச் சப்பாத்து. முகத்தில் சிரிப்பென்று ஒன்றில்லை. கையில் ஒரு கொத்துத் திறப்பு, பூட்டுக்கொரு சாவியாக; அடிக்கொரு தரம் அது கிலுங்கியது. யாருடனும் பேசவில்லை. கதவை உட்புறமாகத் தாழிட்டார். இருளில் போய் நின்றுகொண்டார்.

படம் தொடங்கியது. உதடு வெட்டுப்பட்ட வள்ளக்காரன் ஒருவன் கரையில் தோணிக் கயிறு சுற்றிக்கொண்டு நின்றான். செல்லோ முனகியது. மாமாவின் விரல் எழுந்தது.

"இவன்தான் கா ஆள்."

முன்வரிசை ஓரத்தில் கஜானியின் தோள்கள் குறுகுவதை நான் கண்டேன். பின்னாலிருந்த பெண் ஒருத்தி, மூஞ்சையைப் பார்த்தாலே தெரிகிறது என்று வழிமொழிந்தாள். வள்ளக்காரன் வலையைத் தூக்கினால் அது அவளைக் கட்டத்தான். தண்ணீர் குடித்தால் குற்றவாளிக்குத்தான் தொண்டை வறளும். கொஞ்ச நேரத்தில் முழு மண்டபமும் அந்த அப்பாவி வாயில்லா மனிதனைத் திட்டத் தொடங்கியது. இடைவேளையில் இரண்டு வரிசைக்கு அப்பாலிருந்தெல்லாம் மாமாவிடம் வந்து பலன் கேட்டார்கள். ஆசிரியையின் தாய்க்குத் தினமும் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருகிற மருந்துக்கடைக்காரரில் தனக்குக் கொஞ்சம் சந்தேகம் என்று ஓர் இளைஞன் மெதுவாகச் சொன்னான்.

மாமா அவனை இரக்கத்தோடு பார்த்தார். "அவருக்குப் புல்லாங்குழல் வருகுது மகனே. புல்லாங்குழலுக்குள்ள கள்ளன் இரிக்க ஏலாது."

இடைவேளைக்குப் பிறகு திறப்புக் கொத்தின் சத்தம் எங்களை நோக்கி வந்தது. அப்துல் கபூர் மாமாவின் ஆசனத்துக்கு நேர் பின்னால் வந்து நின்றார். கஜானி திரும்பிப் பார்த்தாள்; அதன்பின் அவள் திரையைப் பார்க்கவில்லை. மாமாவை வெளியே தள்ளிவிடுவாரா, படத்தையே நிறுத்துவாரா? மாமாவுக்கு இது ஒன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பலனில் இருந்தார்.

கடைசிக் கட்டம் வந்தது. தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. மாமா விரலைத் தூக்கிவிட்டார். செல்லோவும் வரவில்லை. குழலும் வரவில்லை. எதுவுமே வரவில்லை. கஜானி இசையை முழுவதுமாக நிறுத்தியிருந்தாள். தாழ்ப்பாளின் இரும்பும் உள்ளே ஆசிரியையின் மூச்சும் மட்டும். மண்டபத்தில் பாதிப்பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். ஆளைக் கொண்டுபோக வாசலில் ஒரு வாகனம் வந்து நிற்கும் சத்தத்தை யுத்த காலத்தில் அறிந்தவர்கள். அப்போது ஒரு வயலினும் முன்கூட்டிச் சொன்னதில்லை. மாமாவின் விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கிக் கண்ணகை மாமியின் கையைப் பிடித்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் கண்ணைத் திறந்து படம் பார்த்தார்.

கதவு திறந்தது. முதலில் தெரிந்தது பிளாஸ்க்.

மண்டபம் ஒருமித்து மூச்சிழுத்தது. அதற்குப் பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, எல்லாத் தலையும் மாமாவின் பக்கம் திரும்பியது. எழுந்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது.

"மியூசிக் பொய் சொல்லல்ல," என்றார் மாமா, இரு பக்கமும் பார்த்து. "அந்த மனிசன்தான் மியூசிக்குக்கு ஏத்தமாதிரி நடக்கல்ல."

விளக்கு வந்ததும் அப்துல் கபூர் கஜானியைக் கூப்பிட்டார். "உங்களுக்கு என்ன வேணும் மகள், இந்த மனிசன்?"

"மாமா," என்றாள் அவள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள்போல.

"நான் எத்தின வருசமாப் படம் போடுறன். ஆரு ஆளெண்டு பாதியிலயே பிடிச்சிருவன். இண்டைக்கு இவர்ர பேச்சக் கேட்டு நானும் அந்த வள்ளக்காரனுக்குப் பின்னால போயிட்டன். கிட்ட நிண்டு கேப்பம் எண்டுதான் பின்னுக்கு வந்த." அப்போதும் அவர் சிரிக்கவில்லை, அவர் முகமே அப்படித்தான். "கிழமை முழுக்க, ஏழு நாளும் ஓடட்டும். ஒரு கண்டிசன். எல்லாக் காட்சிக்கும் மாமா வரணும். அதே சீட்டு."

"அவருக்குத்தான் இப்ப ஆளத் தெரியுமே," என்றார் கண்ணகை மாமி.

"இல்ல மாமி. மாமா எத்தினதரம் பாத்தாலும் மியூசிக்கத்தான் நம்புவார்." கஜானி இப்போதுதான் சிரித்தாள். "சின்னனில இருந்து இவருக்குப் பக்கத்தில இருந்துதானே நான் படம் பாத்த. எங்க விரல் தூக்குவார் எண்டு பாத்துப் பாத்துத்தான் இந்த மியூசிக்கையே போட்டன்."

மாமா இதை முழுப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அவள் சொன்னதும் சரி. மறுநாள் செல்லோ முனகியதும் விரல் எழும்பியது. "மருந்துக்கடைக்காரன்தான், தெரியும். எண்டாலும் இந்த வள்ளக்காரனிலயும் எனக்கு ஒரு டவுட்டு இரிக்கி."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கவா? தியேட்டர் கதவால் அப்துல் கபூர் வந்தாரே, கறுப்புச் சப்பாத்து, சிரிக்காத முகம், கிலுங்கும் திறப்பு. அவர் என்ன செய்யப்போகிறார் என்று அப்போது உங்கள் மனதுக்குள் ஒரு விரல் எழும்பவில்லையா? காற்றுக்கு அடித்துக்கொள்ளும் கதவை ஒரு தியேட்டர்க்காரர் தாழிட்டார், அவ்வளவுதான். அந்த இடத்தில் சொல்லால் செல்லோ வாசித்தது நான்.

இல்லை, அப்போதே தெரிந்துவிட்டது என்கிறீர்களா? மாமாவும் வெளியே வரும்போது அதைத்தான் சொன்னார்.