கொலுவில் முளைத்த தலைநகரம்

வெளிநாட்டு வேலை கிடைப்பதற்கு முன்பே கோட்டு தைக்கக் கொடுப்பவனை உலகத்தில் எந்தத் தையல்காரரும் தடுப்பதில்லை. எழுபதுகளில் நான் அப்படித்தான் கோட்டும் கையுமாக அலைந்தேன்.

கடல் தாண்டி ஒரு நாடு, பொட்டல் வெளியில் தனக்குப் புதிதாகத் தலைநகரம் கட்டிக்கொள்ள நினைத்தது. சென்னையில் நான் வேலை பார்த்த கட்டடக்கலை அலுவலகமும் போட்டியில் இறங்கியது. அட்டையில் மாதிரி நகரம் செய்தது நான்தான். ஜெயித்தால் நீயும் விமானம் ஏறலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். (போதாதா? ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.)

அந்த நாட்டு அதிகாரிகள் மாமல்லபுரம் சிற்பங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. அப்படியே அங்கிருக்கும் என் அக்கா வீட்டுக் கூடத்தில் மாதிரியைக் காட்டிவிடலாம் என்று யோசனை சொன்ன மேதாவியும் நான்தான். அலுவலக வண்டி கிடைத்தபோதே, நான்கு நாள் முன்னதாக, அதைக் கொண்டுபோய் இறக்கி, "பத்திரம்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். நவராத்திரி என்பதோ, வருஷா வருஷம் அவள் கொலுவுக்கு அட்டை வீடு செய்து கொடுப்பவன் நான் என்பதோ மண்டையில் உறைக்கவே இல்லை.

முதலாளியும் நானும் அதிகாரிகளோடு வந்து பார்த்தால், தலைநகரம் கொலுப்படிக்குக் கீழே 'பார்க்'காக உட்கார்ந்திருந்தது. பூங்காக்களில் மண் கொட்டி, கேழ்வரகு விதைத்துத் தண்ணீரும் தெளித்திருந்தாள். பயிர் ஜம்மென்று முளைத்திருந்தது. நாடாளுமன்றம் ஊறி ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. அதன் வாசலில் செட்டியார் பொம்மையும் அவர் சம்சாரமும் மளிகைக்கடை பரப்பியிருந்தார்கள்.

"இன்னாக்கா இது!"

"ஏன்டா கத்துறே? கொலுவுக்குன்னுதானே எடுத்தாந்தே? வெறும் ரோடா கீது, ஒரு கடை இல்ல. மன்சன் உப்பு புளி எங்க போயி வாங்குவான்? அதான் செட்டியாரைக் குந்த வெச்சேன்."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு ஓடிப்போய்க் கடலில் விழலாம் போல இருந்தது. வந்தவர்களில் பெரியவர் சுண்டலை மென்றபடியே குனிந்து, "இவர் யார், அதிபரா?" என்று செட்டியாரைக் காட்டிக் கேட்டார். அக்காவிடம் தமிழில் சொன்னேன்.

"அதிபரை விடப் பெரிய ஆளுன்னு சொல்லு. இவரு கடை தொறந்தாதான் அடுப்பு எரியும்."

அதையும் சொன்னேன். (இனி போக என்ன மானம் பாக்கி?) மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். கொலுவுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று, வெற்றிலை பாக்கோடு செட்டியார் தம்பதியையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள் அக்கா.

தலைநகரம் வேறு யாருக்கோ போனது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. தைத்து வைத்த கோட்டை என் கல்யாணத்தில் போட்டுத் தீர்த்தேன்.

இன்றைக்கும் அக்கா வீட்டுக் கொலுவில் ஓர் இடம் காலி. யாராவது கேட்டால், என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்வாள்: "செட்டியாரா? அவரு ஃபாரின்ல கீறாரு. கோட்டு தெச்சவன்தான் இங்கியே கீறான்."