குமுளி ஜீப்பு மாமாவுக்கு ஒரு கொரியன் விண்ணப்பம்

கூடலூர் ஜீப்பு ஸ்டாண்டிலும் வீட்டிலும் ஒரே சத்தத்தில் பேசும் அன்புள்ள லிங்கேஸ்வரன் மாமாவுக்கு,

தேனியிலிருந்து மருமகள் பூமாரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். என் வேலை மட்டும் நலமில்லை.

நாடகம் பாத்தே நான் கொரியன் படிச்சதும், இப்ப ஒரு சென்டருக்காகச் சனிக்கிழமை ஆன்லைன்ல பதினோரு பேருக்குச் சொல்லிக்குடுக்குறதும் ஒங்களுக்குத் தெரியும். புது மொழி டீச்சருக்கெல்லாம் ஆறு வாரப் பயிற்சின்னு சேத்துவிட்டாக. சர்ட்டிபிகேட் வாங்கலேன்னா என் கிளாஸ், சென்டர் ஓனரோட அக்கா மகன் அஜய்குமாருக்குப் போயிரும், அவனுக்குக் கொரியன்ல தெரிஞ்சது நூடுல்ஸ் பேரு மட்டும்தான். பயிற்சி குடுக்குற ஷீபா மேடம், "கிளாஸ்ல தமிழே வரக் கூடாது"ன்னாக. நாப்பது நிமிசம் கொரியன்லயே பேசுனேன், நெட்டு போச்சுன்னு நெனச்சு ஒம்பது பேரு வெளிய போயித் திரும்ப உள்ள வந்தாக. அடுத்த வாரம், "ஒங்க கொறைய ஒளிக்காம டைரியா எழுதி அனுப்புங்க"ன்னாக. மேடத்துக்குன்னு நெனச்சு கிளாஸ் குரூப்புக்கே அனுப்பிட்டேன். அதுல, 'கே ஸ்டார்னு ஒரு ஸ்டூடண்டு என்னய விட நல்லாப் பேசுறாக'ன்னு எழுதிருந்தேன். அவுக கேமராவே போட மாட்டாக, மைக்கத் தொறந்தா காக்காச் சத்தமும் கோயில் மணியும்தான் முன்னால வரும், ஆனா உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். 'கவலப்படாதீங்க டீச்சர், நீங்களும் தேறிருவீங்க'ன்னு அவுகளே கொரியன்ல ஆறுதல் போட்டாக.

இப்பக் கடைசி வாரம். வேத்து மொழியில பத்து வருச அனுபவம் உள்ள ஒரு வழிகாட்டி கிளாஸ்ல ஒக்காந்து பாத்துக் கையெழுத்துப் போடணுமாம். தேனி ஜில்லாவுல பத்து வருசக் கொரியனுக்கு நான் எங்கிட்டுப் போக? எந்த மொழின்னு படிவத்துல கேக்கல மாமா. நீங்க பதினெட்டு வருசமா குமுளியில மலையாளத்துல சண்ட போடுறவுக. வர்ற சனிக்கிழமை ஒரு மணி நேரம் போன்ல ஒக்காந்து தலையாட்டிட்டு, கையெழுத்துப் போட்டுருங்க. அத்தைதான் சனிக்கிழமையானா குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போயிருவாகளே, வீட்டுல தொந்தரவும் இருக்காது.

ஒங்க ஜீப்பு டயரும் செக்போஸ்ட்டுக்காரக மனசும் எளகியே இருக்க வேண்டிக்கிற,
பூமாரி

பி.கு.: மாமா, நீங்க வரவே வேண்டாம். 'வழிகாட்டியா எங்க மாமா கூடலூர் லிங்கேஸ்வரன் வர்றாக'ன்னு குரூப்புல போட்ட மறு நிமிசம், கே ஸ்டார் போன் போட்டு மொத தடவையாத் தமிழ்ல பேசுனாக. "ஏத்தா பூமாரி, வீட்டுலதான் அந்த மனுசன் கத்துறதக் கேக்குறேன், படிக்கிற எடத்துலயுமா?" பேரச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக, அதனால சொல்லல. அவுகளும் பன்னெண்டு வருசம் ஏலத்தோட்டத்துல மலையாளம் பேசுனவுகதான்; கையெழுத்த அவுகளே போட்டுட்டாக. மத்தபடி அத்தை சனிக்கிழமை குச்சனூருதான் போறாக, சந்தேகமே வேண்டாம். அங்கனதான் நெட்டு நல்லா எடுக்குதாம்.