அம்பு அண்ணனின் வலது விலா

கடவுள் மனிதனைச் செய்து அனுப்புகிற இடத்தில் அம்பு அண்ணன் செக்கிங்கில் உட்கார்ந்திருந்தால், நீங்களும் நானும் பிறந்திருக்கவே மாட்டோம். மூக்கு கோணல், காது ஏற்ற இறக்கம் என்று அத்தனை பேரையும் ஆல்டரேஷனுக்குத் திருப்பியிருப்பார்.

திருப்பூர் முதலிபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கடைசி செக்கிங் அவர்தான். தைத்த சட்டையில் எங்கே பிழையோ அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவது எங்கள் தொழில் வழக்கம். அதைப் பார்த்து டெய்லர் பிரித்துத் தைப்பார். மற்ற செக்கர்கள் வேலை முடிந்ததும் ஸ்டிக்கரை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அண்ணன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். ஊருக்குப் பிடித்த சனி அதுதான்.

சொந்தக்காரர் கல்யாணத்தில், தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளையின் முதுகில் அம்பு. தோள் தையல் விட்டிருந்ததாம். போட்டோவில் எல்லாம் அது சிவப்பாக விழுந்து, பெண் வீட்டார் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அலறிப்போனார்கள். திருமுருகன்பூண்டிக்குப் போனவர் சிற்பக் கூடத்தில் பாதி செதுக்கிய பிள்ளையாரின் காதில் ஒட்டினார். சிற்பி உளியோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டுப் போனார். வீட்டில் தோசையில் ஒட்டினார்.

"ஏனுங்க, தோசையில எங்கீங்க டேமேஜு?" என்று அவர் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அக்கா, கரண்டியோடு வந்தார்.

"ஓரம் ஈவனா இல்ல."

"அப்படீங்களா? இனி நீங்களே சுட்டு, நீங்களே ஒட்டி, நீங்களே தின்னுக்கங்க!"

ஒரு குறையும் இல்லாத பீஸ் வந்தாலும் அவர் வாயிலிருந்து 'பாஸ்' என்ற சொல் வராது. "போகட்டும்" என்பார், ஜெயில் கைதியை விடுவிக்கிற மாதிரி.

என் நெற்றியிலும் அவர் அம்பு விழுந்திருக்கிறது. நான் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு விருதுநகர்ப் பக்கமிருந்து இங்கே அயர்ன் போட வந்தவன். படிக்காமல் மிச்சமான நேரத்தையெல்லாம் கவலைப்படுவதில் செலவழித்துவிட்டேன். மழை வந்தால் கவலை, வராவிட்டால் அதைவிடக் கவலை. புருவம் சுருங்குவதைப் பார்த்தால் அண்ணன் அங்கேயே ஒன்றை ஒட்டி, "சுருக்கம். அயர்ன் பண்ணு சாமி" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு உள்ளேயே ஒரு டேமேஜ் வந்தது.

வலது விலாவுக்குக் கீழே விட்டு விட்டு வலி. அக்கா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். துணைக்கு நான். தைரியம் சொல்லத்தான் போனேன். லிஃப்டிலேயே எனக்குத் தண்ணீர் வாங்கித் தர வேண்டியதாயிற்று.

ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு நீர் இறங்கும் குழாய் வலது பக்கத்தில் ஓரிடத்தில் சுருங்கிவிட்டது. முன்பு கல் எடுத்த இடத்தில் விழுந்த தழும்பு. நீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. இப்படியே விட்டால் அது கெட்டுப்போகும்.

அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. "ட்ராக் பேண்ட்டுல நாடா போற பட்டிங்க. ஒரு எடத்துல தையல் இழுத்துப் புடிச்சிருச்சு. நாடா ஓடாது. அதானுங்க?"

"அதேதான்."

"அப்ப அந்தத் துண்டை வெட்டிப்போட்டு ஜாயின்ட் அடிக்கோணும்."

"ஆமாங்க. வயித்தைத் திறந்து செய்யலாம். இல்லைன்னா ரோபோ வெச்சு, சின்னச் சின்ன ஓட்டை வழியா செய்யலாம். உங்களுக்கு ரெண்டுமே ஒத்து வரும். ரோபோன்னா காயம் சின்னது, சீக்கிரம் எந்திரிச்சு நடக்கலாம்."

"அந்த ரோபோ தானாத் தெக்குமுங்களா?"

"இல்லீங்க. கைதான் அதோடது. ஓட்டறது நான். கொஞ்சம் தள்ளி உக்காந்து, உள்ளே நடக்கறதைப் பெரிசாப் பாத்துட்டே தெப்பேன்."

"அப்ப டெய்லர் நீங்கதானுங்க."

"நான்தான்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தது.

"சாம்பிள் தெச்சுக் காட்டுங்க. அப்ரூவல் குடுக்கறேன்."

திருப்பூர்க்காரன் சாம்பிள் அப்ரூவ் ஆகாமல் பல்க் என்கிற மொத்த ஆர்டர் துணியில் கத்திரி வைக்கமாட்டான். அது எங்களுக்குச் சாமி குத்தம் மாதிரி. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்களுக்கு சாம்பிள் கெடையாதுங்க. இருக்கறதே ஒரு பீஸ். அதுதான் சாம்பிள், அதுதான் பல்க்."

அண்ணன் ஸ்கேன் கவரை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெளியே வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒத்தைப் பீஸ் ஆர்டர்! எவனாவது எடுப்பானா? ஹோல்டுல போடு."

தன் சிறுநீரகத்தை ஹோல்டில் போட்ட ஒரே மனிதர் அவர்தான்.

கம்பெனி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மிஷினில் ஓவர்லாக் அடிக்கும் டெய்லர்கள் ரோபோ கட்சி. கையால் பட்டன் கட்டும் பெண்கள் திறந்து செய்கிற கட்சி. "கண்ணுல நேராப் பாத்துத் தெக்கறதுதானுங்க தையல்" என்று இவர்கள். "நம்ம கை நடுங்குது, மிஷின் நடுங்குமா?" என்று அவர்கள். பீகார்த் தம்பி ஒருவன் மட்டும், "பையா, பஹலே டாக்டர் கே பாஸ் ஜாவோ" என்றான், முதலில் டாக்டரிடம் போங்கள் என்று. அவன் சொன்னதைத்தான் யாரும் கேட்கவில்லை. வலி கூடிக்கொண்டே வந்தது. அண்ணன் இடது கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அம்பு ஒட்டினார். அக்கா என்னைக் கூப்பிட்டு அழுதார். "கண்ணு, நீ சொன்னாக் கேப்பாரு. அந்தக் கிட்னி போயிருமாமே!"

நான் போய் என்ன சொல்வேன்? எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரே பயமா இருக்கு. பாதி தைக்கையில கரண்ட் போயிருச்சுன்னா என்ன செய்வாக?"

அண்ணன் அம்பை ஒட்டாமல் நிறுத்தினார். "சாமி, இதுதான்டா கேள்வி!" என்று என் தோளைத் தட்டிவிட்டு, அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். என் கவலை ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஜெனரேட்டர் இருக்குதுங்க. அதையும் மீறி உள்ளே ஏதாவது சரியில்லைன்னா, ரோபோவை எடுத்துட்டு வயித்தைத் திறந்து கையாலயே முடிச்சிருவேன். ரெண்டும் பழகினதுதான்."

அண்ணன் அக்காவைப் பார்த்தார். "மிஷின் நின்னாக் கையில முடிக்கிற டெய்லர்! இதுக்கு மேல என்னத்தைக் கேக்கறது? ரோபோவே அடிங்கம்மா."

ஆபரேஷன் அன்று காலையில் டாக்டரம்மா வலது விலாவில் பேனாவால் குறி போட்டுவிட்டுப் போனார். அண்ணனுக்கு அது போதவில்லை. பாத்ரூமுக்குப் போய்வந்து சமர்த்தாகப் படுத்துக்கொண்டார். தியேட்டருக்குத் தள்ளிப்போக வந்த நர்ஸ் கவுனை விலக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"டாக்டர்! வலது பக்கம் பேனா மார்க், இடது பக்கம் அம்பு ஸ்டிக்கர்!"

டாக்டரம்மா ஓடி வந்தார். ஸ்கேனை மறுபடி எடுத்துப் பார்த்தார். வலதேதான்.

"எதுக்குங்க இடது பக்கம் ஒட்டினீங்க?"

அண்ணன் யோசித்தார். முகம் வெளுத்தது. வருஷக்கணக்காக மேஜையில் மல்லாந்து கிடக்கும் சட்டையைப் பார்த்த கண் அது. சட்டையின் வலது கை எப்போதும் அவருடைய இடது கைப்பக்கம்தான் இருக்கும். பாத்ரூம் கண்ணாடியில் தெரிந்த தன்னையும் அவர் ஒரு சட்டையாகவே பார்த்து, பக்கம் மாற்றி ஒட்டிவிட்டார். வாழ்நாளில் அவர் தப்பாக ஒட்டிய ஒரே அம்பு, அவர்மேலேயே.

"பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. "உள்ளே போனதும் கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி பேர், எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன்னு எல்லாரும் நின்னு சத்தமாப் படிச்சு சரிபாப்போம்."

அண்ணனின் முகம் பல்பு போட்டாற்போல் ஆனது. "இங்கயும் ஃபைனல் செக்கிங் இருக்குதுங்களா! இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஹோல்டே போட்டிருக்க மாட்டனே!" கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டே போனார்.

தள்ளிக்கொண்டு போவதற்கு முன்பே நர்ஸ் அந்த அம்பை உரித்து, குப்பைக்கூடை எட்டாததால் என் சட்டைப்பை மேல் ஒட்டிவிட்டுப் போனார். எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். அண்ணன் காதில் அம்பு ஒட்டிய பிள்ளையாரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். கரண்ட் போகிறதா என்று மேலே விளக்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்து, "நல்லா முடிஞ்சுதுங்க. ஜாயின்ட் ஆறுற வரைக்கும் உள்ளே ஒரு சின்ன ட்யூப் இருக்கும், அப்புறம் எடுத்துரலாம்" என்றார். அக்கா அழ, நானும் அழ, யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை.

வார்டில் அண்ணன் அரைக்கண் திறந்தார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் பையில் இருந்த சிவப்பு அம்பில் கண் நின்றது. மயக்கம் தெளியாத கையைத் தூக்கி, பையின் ஓரத்தைத் தடவினார். தையலை நெருடினார். பட்டனைத் திருகினார். அழுது வீங்கிய என் முகத்தையும் மேலும் கீழுமாக ஒரு தரம் பார்த்தார்.

"ஒண்ணும் டேமேஜ் இல்லியே. எவன் ஒட்டுனது?" நகத்தால் அம்பை உரித்துக் கட்டில் ஓரத்தில் ஒட்டினார். "பாஸ்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

இப்போது மறுபடியும் செக்கிங் மேஜையில்தான் இருக்கிறார், போன வாரம் முதலாளியின் கார் கதவில் ஒட்டியிருக்கிறார். அன்றைக்கு நான் போட்டிருந்த அந்தச் சட்டையை இன்னும் துவைக்கப் போடவில்லை. வீட்டில் தினமும் திட்டு விழுகிறது.