கடைசி இருபத்திரண்டு நொடியும் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸும்

கீழ்வேளூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் கலியபெருமாளுக்கு, உன் அத்தான் மருதையன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா மலர்க்கொடியும் உடம்பளவில் நலம். அங்கே நீயும் ஷோபனாவும் பிள்ளைகளும் எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டும். ஒரு வீட்டிலாவது நிம்மதி இருக்கட்டும். போன் இருக்க இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். நம் எழில்மொழியின் மாப்பிள்ளை வீட்டிலிருந்து விடாமல் அடிக்கிறார்கள், எடுக்கப் பயமாக இருக்கிறது. அதனால்தான் கும்பகோணம் பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் நம் காவிரிக் காளைகள் கபடி அணிக்கு அரையிறுதி. கடைத்தெரு டீக்கடையில் ஊரே கூடிவிட்டது. ஒரு பாயிண்ட் நமக்கு முன்னிலை, இருபத்திரண்டு நொடி பாக்கி, பாடிப் போகிறவன் நம் பகலவன், எதிரே மூன்றே பேர். போய்க் கோட்டை மிதித்துவிட்டுத் திரும்பினால் ஜெயித்தோம். அந்த நேரம் பார்த்துக் கோச் தமிழரசன் எல்லையோரம் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் படபடவென்று வீசினார். பகலவன் உள்ளே பாய்ந்தான். மூன்று பேரும் கணுக்காலைக் கட்டிக்கொண்டார்கள். மூன்றே பேர் இருந்து மடக்கினால் அவர்களுக்கு இரண்டு பாயிண்ட், ஆக ஒரு பாயிண்டில் தோற்றோம். “பகலவனுக்குப் பேராசைய்யா, கோச் பாவம் என்ன பண்ணுவாரு?” என்றான் நம் ஐயாவு. “துண்டை வீசி உசுப்பேத்துனது யாருய்யா, உங்க தாத்தனா?” என்றேன் நான். டீ ஆறிப்போச்சு, கடைக்காரர் விளக்கை அணைத்தார், நாங்கள் விடவில்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மறுநாள் காலையிலேயே ஃபிளக்ஸ் அடிக்கப் போனேன். ‘எங்கள் கோப்பைக் கனவுக்குக் கண்ணீர் அஞ்சலி, மறைவுக்குக் காரணம் பயிற்சியாளர் தமிழரசன்’ என்று எழுதிக் கொடுத்து, அவர் படத்தை ஓரமாக வைக்கச் சொன்னேன். அடித்தவரோ எப்போதும் போடுகிற மாடலில் போட்டுவிட்டார். நடுவில் தமிழரசன் பெரிய படம், அதற்குப் பூமாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கனவு, காரணம் எல்லாம் அடியில் பொடி எழுத்தில், அதற்கும் கீழே கூலிங்கிளாஸ் போட்ட என் படம். நல்லாத்தான் இருக்கிறது என்று நானே பஸ் ஸ்டாப் கம்பத்தில் ஏறிக் கட்டினேன். மின்வாரியத்தில் முப்பது வருஷம் வயர்மேனாகக் கம்பம் ஏறியவன், இந்த ஒரு கம்பத்தில் ஏறாமல் இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை மாப்பிள்ளை வளவனின் அப்பா பூம்புகாரிலிருந்து போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். “பையனோட தாய்மாமனும் வர்றாருங்க. அவரு முன்னால நின்னாத்தான் எங்க வீட்டுல தட்டு மாத்துவோம். டிவியில பாத்திருப்பீங்களே, காவிரிக் காளைகள் கோச்சு, தமிழரசன்.” “பாத்திருக்கேங்க, நல்லாப் பாத்திருக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டுக் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

அங்கே ஃபிளக்ஸின் காலடியில் ஓர் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் ரெங்கம்மாளாம், தமிழரசனுக்குச் சித்தி முறையாம். நாகப்பட்டினம் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு அலறிக்கொண்டு இறங்கியிருக்கிறார். என்னைப் பார்த்து, “நீங்களும் எம்புள்ளைக்குச் சொந்தமாய்யா?” என்றார். “ஆகப் போறேம்மா” என்றேன். “எப்படிய்யா போனான்?” என்றார். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் மனதில் கிடந்தது வாயில் வந்துவிட்டது. “கடைசி இருபத்திரண்டு செகண்டுல எல்லாம் முடிஞ்சு போச்சும்மா.” அவ்வளவுதான், சாய்ந்துவிட்டார். சோடா தெளித்து, எழுப்பி, நான் விளக்கம் சொல்வதற்குள் வந்த பஸ்ஸில் ஏறிப் பூம்புகாருக்குச் சேதி சொல்லப் போய்விட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். நின்ற கூட்டத்துக்கு முன்னால் கம்பத்தில் ஏறத் துணிவில்லாமல் வீட்டுக்கு வந்தேன். அன்று மத்தியானம் போன் டிரம்முக்குள் போனது.

நேற்று விடிகாலையில் ஆள் வருவதற்கு முன்னால் போனால் கம்பத்தில் ஃபிளக்ஸைக் காணோம்! யார் செய்த புண்ணியமோ என்று நினைத்தேன். புண்ணியம் செய்தவன் ஐயாவு. குறுவை அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்திருக்கிறான், மழை பிடித்துக்கொண்டது, தார்ப்பாய் எங்கும் கிடைக்கவில்லை, அவிழ்த்துக்கொண்டு போய் மூடிவிட்டான். மூடினவன் படத்தை உள்பக்கமாகப் போட்டிருக்கக் கூடாதா? மெயின் ரோட்டைப் பார்த்து, நெல் அம்பாரத்தின் மேல் மாலையும் கழுத்துமாக மல்லாந்து கிடக்கிறார் தமிழரசன். பூம்புகார்க் கார்கள் ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகத்தான் வர வேண்டும். காலில் விழாத குறையாகக் கேட்டேன். “ஒங்க வீட்டு நிச்சயத்துக்கு என் நெல்லு நனையணுமா? ஈரம் ஏறுனா யாரு எடுப்பா?” என்றவன், கொஞ்சம் இறங்கி வந்து, “சரி, குறுக்க ரெண்டு சாக்கு போட்டு மொகத்தை மறைச்சுடறேன். தப்பு பகலவன் மேலதான்னு ஒரு வார்த்தை சொல்லு” என்றான். மச்சான், என் மகள் வாழ்க்கை அந்த ஒரு வார்த்தையில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன், வரவில்லை. நனைந்துகொண்டே திரும்பி வந்துவிட்டேன்.

எழில்மொழியின் முகத்தைப் பார்க்கத்தான் இப்போது ரொம்பப் பயமாக இருக்கிறது. படித்தாள், நாகப்பட்டினத்தில் லேப் டெக்னீஷியன் ஆனாள், இதுவரை என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. வளவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று இதை மட்டும்தான் கேட்டாள். நேற்றுச் சாப்பாடு போடும்போது, “அப்பா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் கபடி பேசாம இருப்பீங்களா?” என்றாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். இனிமேல் கபடி என்கிற சொல்லே என் வாயில் வராது. நீ நாளைக்கே புறப்பட்டு வா. ஃபிளக்ஸில் இருப்பது உன் அத்தான் இல்லை, அதே ஜாடையில் வேறு ஒருவர் என்று நீ சொன்னால் நம்புவார்கள். உன் முகம் பொய் சொல்லாத முகம்.

அய்யனார் உன் குடும்பத்தை முன்னும் பின்னும் நின்று காக்கட்டும். காத்தது போக நேரம் மிச்சமிருந்தால் இந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான் மருதையன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால், மலர்க்கொடி அரிசி அளக்கப் போய்ப் போனை எடுத்து ஆன் செய்துவிட்டாள். உடனே மணி அடித்தது. தமிழரசனே பேசினார். “பயப்படாதீங்க, ஃபிளக்ஸைப் பாத்து எங்க வீடே சிரிச்சாச்சு. சித்தியையும் தேத்தியாச்சு. எழில் எங்க வீட்டுப் பொண்ணு, ஞாயித்துக்கிழமை தட்டு மாத்துறோம்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வைக்கப் போகும்போது அவர் சிரித்துக்கொண்டே, “ஆனா ஒண்ணுங்க, ‘திரும்பி வா’ன்னுதான் நான் துண்டை வீசுனேன். பகலவன்தான் ‘போ’ன்னு நெனச்சுட்டான்” என்றார். சரிங்க என்று வைத்திருக்க வேண்டும். “துண்டை அப்படி வீசுனா எவனுங்க திரும்பி வருவான்?” என்று ஆரம்பித்துவிட்டேன். சமையல்கட்டு வாசலில் நின்று மலர்க்கொடி கைத்துண்டைப் படபடவென்று வீசினாள். விடாதீங்க, பேசுங்க என்கிறாள் என்று நினைத்து முக்கால் மணி நேரம் பேசினேன். “ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பேசிக்கறேன்” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். போன் மறுபடி டிரம்முக்குள் இருக்கிறது. நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே வா.