நகல் எடுத்தாயிற்று, உள்ளே ஒன்றுமில்லை

கம்ப்யூட்டர் இருக்கும் இடத்திலெல்லாம் நகல் நிபுணர் என்றொரு பிறவியும் இருக்கும். எங்கள் யோக்யகர்த்தா பல்கலைக்கழகத்தில் அதற்குப் பெயர் பாக் விர்யோ. எங்கள் பேச்சில் ஐயா என்றால் பாக், அம்மா என்றால் இபு. யுனிக்ஸ் இயந்திரத்தின் கோப்புகளை ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், மனிதர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிடும்.

சும்மா நகல் எடுத்துவிடுவாரா? கோப்பு யாருடையது, யார் படிக்கலாம், யார் தொடக்கூடாது, எந்தத் தேதியில் பிறந்தது என்று சகலமும் பிசகாமல் வர வேண்டும் என மூன்று நாள் பிரசங்கம் செய்வார், ஒரு முழ நீளத்துக்குக் கட்டளை எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார், சுருக்கமாக எழுதும் சக ஊழியர்களைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு காப்பியாய்யா? மூட்டை தூக்குற வேலை!" என்பார். "சரிபார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் பேச மாட்டார்.

போன வருஷம் நிலநடுக்கப் பிரிவின் இபு சுலாஸ்த்ரி அவரிடம் மாட்டினார். மெராபி எரிமலை எட்டு வருஷமாக உறுமிய பதிவெல்லாம் ஒரே ஒரு பழைய டிஸ்க்கில் இருந்தது. அதுவும் கிறீச்சிடத் தொடங்கியிருந்தது.

"பாத்துப் பண்ணுங்க, பாக். போச்சுன்னா மலைகிட்டப் போய் மறுபடி உறுமுன்னு கேக்க முடியாது."

"அட, என்னை யாருன்னு நெனச்சீங்க, இபு?"

எங்கள் ஊரில் புது டிஸ்க் என்றாலும் சோறு போட்டுத்தான் தொடங்க வேண்டும். மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்த தும்பெங் வந்தது. யுனிக்ஸில் டிஸ்க்கைச் சொருகினால் மட்டும் போதாது. இந்த டிஸ்க் இந்த வாசலுக்குப் பின்னால் என்று கட்டளை கொடுத்துச் சேர்க்க வேண்டும். பாக் விர்யோ முதல் நாளே சேர்த்திருந்தார். ஆனால் அந்தக் கௌரவம் துறைத்தலைவருக்குப் போக வேண்டாமா? சேர்த்ததை மெனக்கெட்டுப் பிரித்து வைத்தார். தலைவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார், கூம்பின் நுனியை வெட்டினார், சோற்றைச் சுற்றி வைத்திருந்த பொரித்த கோழியைப் பார்த்ததும் கட்டளையை மறந்தார். நாங்கள் கைதட்டினோம். கைதட்டல் கேட்டதும் எல்லாம் ஆயிற்று என்று பாக் விர்யோ நகலைத் தொடங்கிவிட்டார்.

வாசல் பழைய டிஸ்க்கில் இருந்தது, பின்னால் புது டிஸ்க் இல்லை. யுனிக்ஸ் முணுமுணுக்கக்கூட இல்லை. எட்டு வருஷ உறுமலையும் பழைய டிஸ்க்கின் காலி மூலையிலேயே இன்னொரு தரம் அடுக்கி வைத்தது. திரையில் பெயர்கள் ஓட ஓட அவர் கண் கலங்கியது. முடிந்த கையோடு, இனி இது எதற்கு என்று பழைய டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்தார். அசலும் நகலும் சேர்ந்தே போயின.

புது டிஸ்க்கைத் திறந்தோம்.

"எங்க, பாக்?"

"அனுமதியெல்லாம் கச்சிதமா இருக்கு, இபு."

"எதுக்கு அனுமதி? உள்ள ஒண்ணுமே இல்லையே!"

இபு சுலாஸ்த்ரி அழுதேவிட்டார். பாக் விர்யோ? நகல் எடுப்பது எப்படி என்று அடுத்த வாரமே வகுப்பு நடத்தினார். அறை நிரம்பி வழிந்தது.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் கல்யாணப் படங்களுக்கு நகல் உண்டோ? உண்டு என்கிறீர்கள். எங்கே? அதே கம்ப்யூட்டரில், ‘பத்திரம்’ என்று பெயர் வைத்த ஃபோல்டரிலா?

வாருங்கள் பாக் விர்யோ, நீங்களும் உட்காருங்கள்.